காலால் மிதிக்கிற வாத்தியம்

மஹதிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். சரஸ்வதி பூஜையன்று மத்தியானம், தெற்கு மாட வீதியில் பொரிக்காரியின் முன்னால் நிற்கும்போதே அவளுக்குக் காது பாதி சிவந்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைக்கன்று, எந்தப் பக்கம் திரும்பினாலும் பூசணிக்காய். மாலை போட்ட ஆட்டோ ஒன்று நகரவும் நகராமல், ஹாரனையும் நிறுத்தாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே வீட்டு ஹாலில் அவளுடைய பெட்டிக்குப் புது ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் இங்கே கடலைக்கும் கதம்பத்துக்கும் இடிபட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அது பாட்டுக்கு ஓடிண்டிருக்கட்டும். நீ முழிச்சுப் பாத்துண்டு உக்காந்தா சீக்கிரம் ஆயிடுமா? போய்ப் பொரி வாங்கிண்டு வா" என்று அம்மாதான் துரத்தியிருந்தாள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிதாரின் ஒயரை அதில் செருகினால் போதும். ஆள் உயர ஸ்பீக்கர் அடுக்கும் சூடேறிச் சிவக்கிற பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரும் எழுப்பும் சத்தத்தை எல்லாம் அது உள்ளேயே கணக்குப் போட்டு எழுப்பிவிடும். தரையில் வைத்து, அதன் முகத்தில் வரிசையாக இருக்கும் பட்டன்களைக் காலால் மிதித்து ஒலியை மாற்ற வேண்டும். விற்கிறவர்கள் ஆம்ப் மாடலர் என்பார்கள், வாசிக்கிறவர்கள் ப்ராசஸர் என்பார்கள். மஹதியின் அம்மா நீரஜா அதற்கு வைத்த பெயர் மிதிபெட்டி. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவள் மூக்கு லேசாகச் சுருங்கும்.

நீரஜா வீணை டீச்சர். மயிலாப்பூரில் அந்த ஃப்ளாட்டின் ஹாலில் ஜமக்காளம் விரித்து இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறாள். புத்தகத்தில் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு. அப்படிப்பட்ட வீட்டில், பெற்ற பெண் நட்டநடு ஹாலில் நின்றுகொண்டு வாத்தியத்தைக் காலால் மிதித்தால் நீரஜாவுக்கு எப்படி இருக்கும்? கிதாரையாவது அவள் மன்னித்துவிட்டாள். மிதிபெட்டியை மன்னிக்கவே இல்லை.

வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு இந்தச் சண்டை உண்டு. பூஜை மூலையில் வீணை ஏறும், சுருதிப் பெட்டி ஏறும், சுவடியாய்ப் போன பாட்டுப் புத்தகங்கள் ஏறும். "கிதாரை வேணா வை. கால் படற சாமானை சரஸ்வதிக்குப் பக்கத்துல வைக்க மாட்டேன்" என்பாள் நீரஜா. "அது இல்லாம கிதார் ஊமைம்மா. வச்சா ரெண்டையும் வை, இல்லேன்னா ஒண்ணும் வேண்டாம்" என்பாள் மஹதி. ஒன்றும் வைக்கப்படாது. போன வருஷம் சண்டை முற்றிப்போய், பூஜைக்கே உட்காராமல், லீவு நாள் என்றும் பாராமல் பெருங்குடி ஆபீசுக்குக் கிளம்பிப் போய் ஆளில்லாத மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள் மஹதி.

இந்த வருஷம் சண்டை போட அவளுக்கு நேரமே இல்லை. மறுநாள் விஜயதசமி சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன ஹாலில் அவளுடைய நிகழ்ச்சி. இத்தனை நாள் யார் யாருக்கோ பின்னால் நின்று வாசித்தவளுக்கு, சொந்தப் பெயரில், சொந்தமாக அமைத்த உருப்படிகளோடு இதுதான் முதல் மேடை. அதில் மழையைப் பற்றிய உருப்படி ஒன்று. தூறலாக ஆரம்பித்து, ஒரே ஒரு இடத்தில் சட்டென்று அடைமழையாக மாற வேண்டும். அந்த இடத்தில் பட்டனை மிதித்தால், பழைய ஒலி நின்று புது ஒலி வருவதற்குள் பெட்டி ஒரு கணம் விக்கிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் அந்தக் கண்ணிமைப்பில் உருப்படியே செத்துவிடும்.

டிரம்ஸ் வாசிக்கிற ஹம்மாத் அந்த ஓட்டையை சிம்பல் தட்டின் சத்தத்தால் அடைத்துப் பார்த்தான். "எத்தினி வாட்டி மச்சி நானே மூடிக்கினு இருக்கிறது? கேக்கறவன் காதுல பூவா வச்சிக்கினு வருவான்?" என்று அவனும் கைவிட்டுவிட்டான்.

இந்த நிலைமையில்தான் அன்று காலை கம்பெனி புது ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை உள்ளிருந்து ஓட்டுகிற மென்பொருளை, வெளியிட்டது. மஹதிக்கு ஃபர்ம்வேர் வந்தாலே கொண்டாட்டம். என்னென்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பை காபி ஆறுவதுகூடத் தெரியாமல் ஒரு வரி விடாமல் படிப்பாள். ஏற்கெனவே இருக்கிற பெட்டிக்குள் காசு கொடுக்காமலே புதுசாக ஒரு ஆம்ப்ளிஃபையர் வந்து உட்காருகிறது, புது எதிரொலி வருகிறது. இந்த சந்தோஷத்தை வேறு எந்தச் சாமான் கொடுக்கும் என்பாள். இந்தத் தடவை குறிப்பின் நடுவில் ஒரு வரி இருந்தது. ஒலி மாறும்போது இனி இடைவெளி வராது. அதைப் படித்துவிட்டு அவள் போட்ட கூச்சலில் நீரஜா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"நாளைக்கு ஷோ வச்சிக்கினு இன்னிக்கி அப்டேட் போடுவியா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்று வேளச்சேரியிலிருந்து போனில் கத்தினான் ஹம்மாத்.

"பேக்கப் எடுத்தாச்சு. நீ வாயை மூடு" என்று வைத்துவிட்டு, லேப்டாப்பை இணைத்து, ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம்தான் பொரி.

பையும் கையுமாக அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாலில் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. லேப்டாப் மூடப்பட்டு நாற்காலியில் இருந்தது. ஒயர்களை எல்லாம் யாரோ அழகாகச் சுருட்டி, பூ கட்டுகிற நாரால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள்.

பூஜை மூலையைப் பார்த்தாள். பட்டு சார்த்திய வீணை. வெள்ளைத் துணி போர்த்திய புத்தகங்கள். பக்கத்தில் சுவரோரம் மாலை போட்டுக்கொண்டு அவளுடைய கிதார். அதற்கு முன்னால், கோலம் போட்ட மணையில், பெட்டி. ஒவ்வொரு பட்டன் மேலும் கொழகொழவென்று சந்தனம், அதன் மேல் குங்குமம். திரையின் நடுநெற்றியில் எட்டணா அகலத்துக்கு ஒரு பொட்டு.

மஹதிக்கு அந்த நிமிஷம் மணையும் தெரியவில்லை, மாலையும் தெரியவில்லை. பிடுங்கிய ஒயர் மட்டும்தான் தெரிந்தது.

"யார் பிடுங்கினா?"

"நான்தான்" என்று அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் நீரஜா. "கரண்ட்ல இருக்கறதை எப்படிடி பூஜைல வைக்கறது? ஒயரை எல்லாம் எடுத்துட்டு, ஈரத்துணியால நன்னா தொடச்சு…"

"ஈரத்துணியா!"

அடுத்து மஹதி போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். "பாதி ஏறும்போது பிடுங்கினா அது செத்துப்போயிடும்மா! ஸ்க்ரீன்லயே எழுதியிருந்துதே, அணைக்காதேன்னு! கொட்டை எழுத்துல! அதைப் படிக்கக்கூடவா தெரியாது உனக்கு?"

"கண்ணாடி போட்டுக்காம எனக்கு எந்த எழுத்துடி தெரியறது? எதுக்கு இப்படிக் கத்தறே, நல்ல நாளும் அதுவுமா!"

மஹதி மணையிலிருந்து பெட்டியை வெடுக்கென்று தூக்கினாள். சந்தனம் அவள் சுடிதாரில் அப்பிக்கொண்டது. ஒயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டாள். ஒன்றுமில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு சின்னச் சிவப்பு விளக்குகூட எரியவில்லை.

நாளைக்குச் சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில் இந்த ஊமைக் கிதாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு யாரிடமாவது பெட்டி இரவல் வாங்கினாலும் அது வேறு மாடலாகத்தான் இருக்கும்; அவள் மாதக்கணக்கில் செதுக்கிய ஒலிகள் அதில் ஏறாது. துண்டை எடுத்துத் திரையிலிருந்த பொட்டை அழுத்தி அழித்தாள். அழிக்க அழிக்க வாயில் வந்ததெல்லாம் வெளியே கொட்டியது.

"வேணும்னேதானே பண்ணினே? உனக்கு இது வாத்தியமே இல்லை. நாளைக்கு நான் மேடைல நிக்கப்படாது, அதானே உனக்கு வேணும்? சொல்லித் தொலையேன்!"

வேறு அம்மாவாக இருந்தால் இந்த இடத்தில் அழுதிருப்பாள். நீரஜாவுக்கு அழுகை எல்லாம் வராது. பெண்ணுக்கு எங்கிருந்து அந்தக் காது வந்ததாம்?

"ஆமாண்டி, வேணும்னேதான் பண்ணினேன்!" என்று பதிலுக்கு உச்சஸ்தாயியில் ஆரம்பித்தாள். "காலேஜ் படிக்கறச்சேலேந்து வருஷா வருஷம் என் வாத்தியத்தை வைக்கலை, என் வாத்தியத்தை வைக்கலைன்னு உயிரை வாங்கினியே! வச்சேன்! இப்ப வச்சதுக்கும் சண்டையா? முந்தாநாள் அந்த மழையை வாசிச்சுட்டு, அந்த எடத்துல விக்கறதே விக்கறதேன்னு தலையில அடிச்சுண்டியே, உள்ள படுத்துண்டு நான் கேக்கலைன்னு நெனச்சியா? அது விக்கப்படாதுன்னு வேண்டிண்டுதாண்டி பிடுங்கி வச்சேன்!"

மஹதி குனிந்து கையைப் பார்த்தாள். துண்டில் சந்தனமும் குங்குமமும் ஈரமாகக் கலந்திருந்தது. எத்தனையோ வருஷமாகக் கேட்டதை அம்மா தானாகச் செய்திருக்கிறாள், அதை மஹதி தன் கையாலேயே அழித்தாயிற்று. அழ வேண்டும் போலவும் இருந்தது, அந்தத் துண்டை அம்மாவின் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் போலவும் இருந்தது. கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. எங்கே போகும்? பெட்டிதான் செத்துக் கிடக்கிறதே.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொன்னா நீ ஆட மாட்டியா?"

மஹதி பூஜை மூலையைப் பார்த்தாள். "இப்ப எடுத்துட்டேனே. நாளைக்கு வரைக்கும் தொடப்படாதோல்லியோ?"

நீரஜா யோசித்தாள். கோபத்திலும் சாஸ்திரத்தில் சந்து பார்க்கத் தெரிந்தவள். "அர்ச்சனை ஆனப்பறம்தான் தொடப்படாது. இன்னும் தூபதீபமே காட்டலை. விளக்கேத்தறதுக்குள்ள உன் ரிப்பேரை முடி. முடிச்சுட்டுத் திருப்பி மணையில வை. அவ்வளவுதான் சொல்வேன்."

மஹதி ஹம்மாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் ஆரம்பித்த வசவு பாதியில் நின்றது. "ஆன்ட்டி பக்கத்துல கீறாங்களா?"

"இருக்கேண்டாப்பா. திட்டறதை அப்புறம் வச்சுக்கோ, வழியைச் சொல்லு" என்றாள் நீரஜா.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. மஹதி, கேளு. அது அவ்ளோ சீக்கிரம் சாவாது. ஃபர்ம்வேர் பாதில பூட்டா அதைத் திருப்பி ஏத்திக்கறதுக்குன்னே உள்ள ஒரு சின்ன புரோகிராம் தனியா கீது. ரெண்டு ஓரத்துல கீற பட்டனையும் ஒண்ணா அமுக்கிக்கினே கரண்ட்டைப் போடு. வெள்ளையா ஒரு லைட் வந்துச்சுன்னா பொழச்சிக்கிச்சு. வர்லன்னா…"

"வரலைன்னா?"

"வரும், போடு."

மஹதி குனிந்து இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தையும் அழுத்தினாள். வலது பட்டன் இறங்கியது. இடது பட்டன் அசையவில்லை. பட்டனைச் சுற்றியிருந்த சின்ன இடுக்கெல்லாம் சந்தனம் இறங்கி இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் காது திரும்பச் சிவந்தது.

"இப்படியா அப்புவா ஒருத்தி? கட்டிடத்துக்கு சிமெண்ட் பூசற மாதிரி?"

"கல்லுல எழைச்ச சந்தனம்டி. உங்க கடை வில்லையா, பொடிப்பொடியா உதிர? தள்ளு."

நீரஜா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டனைச் சுற்றிச் சுற்றிச் சுரண்ட ஆரம்பித்தாள். மஹதி டார்ச் பிடித்தாள். "மெதுவா." "தெரியும்." "கீறல் விழப்போறது." "நீ விளக்கை ஆட்டாம பிடி, விழாது." போனில் ஹம்மாத் "ஆச்சா, ஆச்சா?" என்று அரித்துக்கொண்டிருந்தான். ஒருவழியாகப் பட்டன் க்ளிக் என்று இறங்கி மேலே வந்தது.

மஹதி இரண்டையும் அமுக்கிக்கொண்டாள். "ம். போடும்மா."

நீரஜா ஸ்விட்சைப் போட்டாள். ஒரு மூச்சு நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு திரை வெள்ளையாக விழித்துக்கொண்டது.

"வந்துதுடா!" என்று அலறினாள் மஹதி. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதையும் கோபமாகத்தான் துடைத்துக்கொண்டாள், சந்தனக் கையோடு.

ஃபர்ம்வேர் மறுபடி முதலிலிருந்து ஏற ஆரம்பித்தது. இந்தத் தடவை நீரஜா முக்காலியை இழுத்து ஸ்விட்ச் போர்டுக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருப்பேனா என்றாள். மிக்ஸியைப் போட்டால் ட்ரிப் ஆகிவிடுமாம். வடைக்கு ஊறிய உளுந்து அப்படியே கிடந்தது. எதிர் ஃப்ளாட் சுலோச்சனா மாமி சுண்டலோடு வந்து கதவைத் தட்டியபோது உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அங்கேயே நில்லுங்கோ மாமி! ஏறிண்டிருக்கு!"

"என்ன ஏறிண்டிருக்கு?"

"ஃபர்ம்வேர்" என்றாள் நீரஜா, மாமிக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

ஏறி முடிந்து, பெட்டி அணைந்து, தானாகவே திரும்ப உயிர்பெற்று, புது வெர்ஷன் எண்ணைக் காட்டியது. ஆனால் உள்ளே இருந்தவை எல்லாம் கம்பெனி போட்ட ஒலிகள். மஹதி அமைத்தவை லேப்டாப்பில் பேக்கப்பாக இருந்தன. பழைய வெர்ஷனில் எடுத்தது. புதியதில் அது ஏறுமா, அரைகுறையாக ஏறுமா, ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். அவள் லேப்டாப்பை இழுப்பதற்கும் நீரஜா ஜன்னலைப் பார்ப்பதற்கும் சரியாக இருந்தது.

"விளக்கு வைக்கற நேரம்."

"இதை ஏத்திப் பாத்துடறேன்மா. ஏறலைன்னா ராத்திரி முழுக்க உக்காந்து திருப்பிப் பண்ணணும். இப்ப மணையில வச்சுட்டா நாளைக்குக் காலம்பற வரைக்கும் தொட முடியாது. அப்புறம் எப்ப சரிபண்றது, எப்ப வாசிக்கறது?"

"எனக்கு ஒண்ணுமில்லை" என்றாள் நீரஜா. "வைக்கறதுன்னா வை. இல்லேன்னா எடுத்துண்டு உன் ரூமுக்குப் போ. நான் வீணையை வச்சுப் பூஜை பண்ணிக்கறேன். ஆனா இனிமே என் வாத்தியத்தை வைக்கலைன்னு வாயைத் திறந்தே, பாத்துக்கோ."

மஹதி பெட்டியைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள், சீலிங்கைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்றை முழுங்கினாள். பிறகு பெட்டியை முறைப்படி அணைத்து, திரை முழுக்கக் கறுக்கும் வரை காத்திருந்து, ஒயரைத் தானே பிடுங்கி, மணையில் கொண்டுபோய் வைத்தாள். நீரஜா இந்தத் தடவை சந்தனத்தை மோதிர விரல் நுனியில் கடுகளவு தொட்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் நடுவில் மட்டும் இட்டாள்.

பூஜை முழுக்க மஹதி உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். கற்பூரம் காட்டும்போது சரஸ்வதியிடம் அவள் சொன்னதும் சண்டைதான். ஒரு ராத்திரி உன்கிட்ட விட்டுவைக்கிறேன். ஏதாவது ஆச்சோ, அப்புறம் தெரியும் சேதி.

விஜயதசமி விடிந்ததும் புனர்பூஜை. நீரஜா வீணையை லேசாக வடக்கே நகர்த்தி வைத்தாள், பிறகு மடியில் எடுத்து, வழக்கப்படி ஒரு கீர்த்தனையின் பல்லவியை மட்டும் வாசித்து நிறுத்தினாள். "ம், உன்னுது" என்றாள்.

மஹதி முந்தின இரவு ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. மணையிலிருந்த பெட்டியை அந்த இடத்திலேயே, சரஸ்வதிக்கு முன்னாலேயே, தரையில் இறக்கி ஒயரைச் செருகி, ஸ்பீக்கரோடு இணைத்தாள். பேக்கப்பை ஏற்றினாள். பெட்டி யோசித்தது. பழைய வெர்ஷன், மாற்றி ஏற்றட்டுமா என்று கேட்டது. ஏற்றித் தொலை என்றாள். ஒன்றன்பின் ஒன்றாக அவள் வைத்த பெயர்கள் திரையில் வர ஆரம்பித்தன. தூறல் வந்தது. அதற்கடுத்து அடைமழை வந்தது. அவள் உட்கார்ந்த வாக்கில் தரையை ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

எழுந்து கிதாரை மாட்டிக்கொண்டு தூறலை ஆரம்பித்தாள். புது ஃபர்ம்வேரில் எதிரொலி இன்னும் தெளிந்திருந்தது; ஒவ்வொரு சொட்டும் எங்கே விழுகிறது என்று காதுக்குத் தெரிந்தது. நேற்றுப் பட்ட பாட்டையெல்லாம் அவள் மறந்தே போனாள். அந்த இடம் நெருங்கியது. காலைத் தூக்கினாள்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. கீழே பட்டன் மேல் கடுகளவு சந்தனம், அதன் மேல் குங்குமம். எதிரே விளக்கு எரிகிறது. பக்கத்தில் அம்மா. மஹதியின் விரல் தந்தியிலிருந்து நழுவியது, தூறல் பாதியில் நின்றுபோனது. அவள் கிதாரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கையால் அமுக்கலாம் என்று குனிந்தாள்.

"என்னடி பண்றே?"

"இல்லம்மா… பொட்டு வச்சிருக்கே…"

நீரஜாவின் காது சிவந்ததை மஹதி அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள்.

"கையால அமுக்கினா வாசிக்கறது யாரு, உங்கப்பனா?" என்று கத்தினாள் நீரஜா. "வீணைக்கு விரல் படலாம், இதுக்குக் கால் படப்படாதோ? அதுக்குன்னு பொறந்ததை அதுபடிதாண்டி தொடணும்! நேத்திக்கு அந்தக் கத்து கத்தினியே, எதுக்கு? மொதல்லேந்து வாசி. அந்த எடம் வந்ததும் மிதி!"

மஹதி முதலிலிருந்து வாசித்தாள். தூறல் நின்று நிதானமாக இறங்கியது. அந்த இடம் வந்தது. மிதித்தாள்.

ஒரு இழைகூட அறாமல் அடைமழை கொட்டியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, விளக்குச் சுடர் ஆடியது, எதிர் ஃப்ளாட் கதவு திறந்தது. நீரஜா கண்ணை மூடிக்கொண்டு மடியில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். அடங்கி ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மஹதியின் உள்ளங்காலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தாள்.

"அலம்பிக்காதே" என்றாள் எரிச்சலாக. "சாயங்காலம் அந்தக் காலோடயே போ."